கறை தெரியாத துணிகள்

சலவைக்கடையில் அவரை எல்லோரும் ‘கஞ்சி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை ஆள் இல்லாமலே நிமிர்ந்து நிற்கும். மனைவி போன பிறகு வீட்டில் கூப்பிட ஆளில்லை. கடையில், எதிர் மேஜையில் வெள்ளைத் துணி தேய்ப்பவர்தான் பேச்சுத்துணை.

விபத்தில் முறிந்த கணுக்கால் எலும்பில் வருடக்கணக்காகச் சீழ். புண் மூடும், மறுபடி வாய் திறக்கும். கெட்ட எலும்பைச் சுரண்டியெடுத்த டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார்.

“மாசக்கணக்கா விடாம போடணும். நடுவுல விட்டா மருந்துக்குக் கேக்காது, காலையே எடுக்க வேண்டி வரும். சிறுநீர், வேர்வை எல்லாம் ஆரஞ்சா போகும், பயப்படாதீங்க.”

சிறுநீரைப் பார்த்து அவர் பயப்படவில்லை. வேர்வையைத்தான் மறந்துபோனார்.

வெள்ளைக் காலர்களில் ஆரஞ்சுப் புள்ளிகள் விழத் தொடங்கின.

“யோவ் கஞ்சி, உன் இஸ்திரிப்பெட்டிக்குச் சளி பிடிச்சிருக்கா? மூக்கு ஒழுகுது!” என்றார் எதிர் மேஜைக்காரர்.

கஞ்சி பெட்டியை மாற்றினார், தண்ணீரை மாற்றினார். தன் பனியனைத் துவைக்கும்போதுதான் விஷயம் புரிந்தது. வெளியே சொன்னால் கறுப்புத் துணி தேய்க்கும் பின்னறைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஒரே ஒரு மேஜைதான். யாரிடமும் மூச்சுவிடாமல் மாத்திரையை நிறுத்தினார்.

காலர்கள் வெளுத்தன. கணுக்கால் கட்டு மறுபடி சீழில் நனைந்தது.

“ஏங்க நிறுத்தினீங்க?” என்றார் டாக்டர்.

“துணி கறையாவுதுங்க.”

“காலைவிடத் துணியா பெருசு?”

துணி இல்லை, எதிர் மேஜை என்று நினைத்துக்கொண்டே காலை நீட்டினார். பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், “இன்னும் மருந்துக்குக் கேக்குது, தப்பிச்சீங்க. இனிமே ஒருவேளைகூட விடாதீங்க” என்றார்.

மறுநாள் முதலாளியிடம் தானாகவே போய்ப் பின்னறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சலவை இயந்திரங்கள் உறுமும் அந்த அறையில் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கறுப்புக் கால்சட்டைகளைத் தேய்த்தார். வேர்வை விழுந்தது, ஒன்றும் தெரியவில்லை. எதிர் மேஜைக்காரர் முதல் வாரம் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு அவருக்கும் வேலை.

ஒரு நாள் காலையில் கட்டை அவிழ்த்தபோது பஞ்சு காய்ந்திருந்தது. கடைக்கு வந்ததும் நேரே முன்னறைக்குப் போனார். எதிர் மேஜைக்காரரும் அவருடைய பழைய மேஜைக்கு வந்த புது ஆளும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று வாசலில் நின்றார். அடங்குவதாக இல்லை. பின்னறைக்கே திரும்பி நடந்தார், நொண்டாமல்.