போர்டும் ப்ரீசரும்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. வாசலில் பெரிய போர்டு. 'அன்றன்று சமைத்தது மட்டும்' என்று சிவப்பில் எழுதச் சொல்லி, பெயிண்டர் பக்கத்திலேயே நின்று எழுத்தைப் பெரிதாக்க வைத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. இப்போது அதை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

சீசன் கூட்டத்தை நம்பி உலை வைக்க முடியாது. காலையில் அருவியில் நிற்க இடமிருக்காது. மலையில் மழை கொட்டித் தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் சாலை வெறிச்சோடிவிடும். நூறு பேருக்கு வைத்த சாம்பார் அப்படியே பின்பக்கத்துக் குப்பை டிரம்முக்குப் போகும். எங்கள் கடை டிரம் நிறையும் நேரம் குரங்குகளுக்கு மனப்பாடம்.

இலஞ்சியிலிருந்து வந்து சமைத்த அக்காதான் ஒருநாள் கேட்டார். "அண்ணாச்சி, சாம்பார வச்சுட்டு ஆளுக்குக் காத்துக் கெடக்கதுக்கு, ஆளு வந்த பொறவு சாம்பார் வச்சா என்ன?"

தக்காளி மலிவாக வரும் நாளில் கூடை கூடையாக வாங்கி, வெங்காயமும் புளியும் மசாலாவும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை சுண்டக் காய்ச்சினார். ஆறியதும் எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்து ப்ரீசரில் வைத்தார். ஆட்கள் வந்து உட்காரும் கணக்குக்கு ஒரு டப்பாவோ மூன்று டப்பாவோ எடுத்து, வெந்த பருப்பில் கரைத்துக் கொதிக்கவிடுவார். தேங்காய்த் துருவலும் அப்படித்தான். முன்பெல்லாம் கெட்டுப்போகுமே என்று பயந்து, மசாலாவும் தேங்காய்ப்பாலும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக வாங்குவோம். தினம் ஒரு சாக்கு பிளாஸ்டிக் சேரும். அந்தச் சாக்கு வாரத்துக்கு ஒன்றானது. டிரம்மில் வாழையிலை மட்டும் கிடந்தது.

"கொரங்குகூட நம்ம கடைய மறந்துட்டு அண்ணாச்சி" என்று அக்கா சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் போர்டை மாற்றவில்லை. ஐஸில் வைத்தது என்றாலே பழையது என்று நம் ஜனத்துக்கு ஒரு நினைப்பு. உள்ளுக்குள் எனக்கும் அதே நினைப்புதான். அதனால் ப்ரீசருக்கு முன்னால் ஒரு திரை கட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வருடம் தவறாமல் குடும்பத்தோடு வரும் சிவகிரிக்காரர் ஒருவர், கை கழுவப் போனவர், அடுக்களைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். அக்கா டப்பாவிலிருந்து உறைந்த தொக்கைச் சட்டியில் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னவே இது! வாசல்ல ஒண்ண எழுதிப் போட்டுட்டு, உள்ள ஐஸ்கட்டியவா காய்ச்சி ஊத்துதீரு?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அக்காவைப் பார்த்து, "யாரக் கேட்டு இத உள்ள வச்சீங்க?" என்று கத்தினேன்.

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அவரிடம் சொன்னார். "அண்ணாச்சிக்குத் தெரியாது. நாந்தான் வச்சேன்."

"கெட்டுப்போனதப் போடுத பொம்பளைய இன்னைக்கே நிறுத்தும்."

"சரி" என்றேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பின்வழியாகப் போனார்.

இனி எழுதப் போவதுதான் அதைவிடக் கேவலம். ப்ரீசரில் பதினோரு டப்பா மிச்சம் இருந்தது. நான் ஒன்றைக்கூடக் கொட்டவில்லை. நாலு நாள் அதை வைத்துத்தான் கடையை ஓட்டினேன். சிவகிரிக்காரர் மறுநாளும் வந்தார். இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கி, "இதாம்வே புதுசுங்கது. நாக்கு சொல்லிரும்லா" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பத்து நாள் கழித்து இலஞ்சிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்றால் அது பொய். டப்பாக்கள் தீர்ந்துவிட்டன, புது ஆளுக்கு அந்தப் பக்குவம் வரவில்லை, அதனால் போனேன். அக்கா நாற்காலி எடுத்துப் போட்டார்.

"டப்பாவுல இருந்ததக் கொட்டிட்டீங்களா அண்ணாச்சி?"

"இல்லக்கா. எல்லாம் வித்துட்டு."

"யாருக்கும் வயித்துக்கு ஒண்ணும் செய்யலல்லா?"

"இல்ல."

"தென்காசில மூணு கடைல வேல கேட்டாச்சு. கெட்டுப்போனதப் போட்டவன்னு சேக்க மாட்டேங்காங்க. உங்க கடைக்கும் இனி வரல. அது நல்லாத்தான் இருந்துச்சுன்னு நீங்க நாலு பேருகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

சொல்கிறேன் என்று வந்தேன். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். சீசனும் முடிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அக்கா இப்போது செங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார்.