தண்டவாளத்துக்குள் நின்றவர்

ஒஸ்லோவில் படிக்க வந்த காலத்தில் மோர்டென்ஸ்ருட்டில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தேன். என் அறைக்குப் பக்கத்துப் பெரிய அறை முழுக்க வீட்டுக்கார அண்ணையின் பொம்மை ரயில் ஓடியது. நாலு சுவரையும் ஒட்டி, வாசலையும் மறித்துப் பலகை, அதன்மேல் தண்டவாளம், நடுவில் அவர் நிற்க மட்டும் இடம். ஆள் நல்ல உயரம். ஆனாலும் பலகைக்குக் கீழே தவழ்ந்துதான் உள்ளே போவார்.

ஒரு சனிக்கிழமை, உள்ளே நின்றவருக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. குனிய முடியவில்லை. மேலே மகளின் பிறந்தநாள், ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அவர் மனைவி படியில் நின்று, "அதுக்குள்ளையே இருங்கோ. கேக் ரயிலிலை வரும்" என்றா.

நான் மரம் அரியும் வாளை எடுத்து வந்தேன். "பலகையை வெட்டட்டோ அண்ணை?"

"பொறு தம்பி. ஒருக்காச் சுத்தி வரட்டும்."

ரயில் சுற்றி வந்து நின்றது. "சரி, வெட்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேக் வெட்டும்போது மகளுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார்.

அடுத்த கிழமை பார்த்தால், வெட்டிய இடத்தை ஒட்டிவிட்டு மறுபடியும் உள்ளே நிற்கிறார்.

"பிணைச்சல் போட்டு ஒரு கதவு வைச்சிருக்கலாமே அண்ணை?"

"கதவிருந்தால் கூப்பிட்ட உடனை போகவேணுமெல்லோ தம்பி."

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து மனைவி கூப்பிட்டா. "ஓம், வாறன்" என்று குரல் கொடுத்தார். ரயிலை நிறுத்தவில்லை. அன்றைக்கு வெட்டச் சொன்னவர் ஏன் முகத்தைத் திருப்பினார் என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது.