ஒட்டுத் தெரியாத கதவு

முகாமில் எல்லோருக்கும் அவர் உளியக்காதான். சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயர் அவருடைய வீட்டுக்காரருக்கே மறந்துபோயிருக்கும் என்று பட்டறையில் கேலி செய்வார்கள். துப்பாக்கி தூக்கத்தான் ராணுவத்தில் சேர்ந்தார். அப்பா தச்சர் என்று விண்ணப்பத்தில் எழுதிய பாவத்துக்கு, பயிற்சி முடிந்ததும் தச்சுப் பட்டறையில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள். "இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் கொன்னதெல்லாம் கரையான்தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வாய்த்துடுக்கு உண்டு. ஆனால் வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த முகாமில் ஒரு வழக்கம்: கர்னல் சுற்றிப் பார்க்க வரும் நாளில் எதுவும் உடைந்திருக்கக் கூடாது. உடைந்ததும் தெரியக் கூடாது, ஒட்டியதும் தெரியக் கூடாது. உளியக்கா ஒரு மரத்தில் ஒட்டுப் போட்டு, இழைத்து, இடுக்கை நிரப்பப் புட்டி தடவி, பெயின்ட் அடித்துவிட்டால் விரலால் தடவினாலும் இடம் பிடிபடாது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருக்கட்டுமே, சும்மா வந்த திறமையா?

அந்தத் திறமைதான் அவரை வகையாக மாட்டிவிட்டது.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை ஸ்டோர் சார்ஜென்ட் பட்டறைக்கு வந்தார். பலகை, ஆணி, பசை எதுவானாலும் அவர் தலையசைத்தால்தான் பட்டறைக்கு வரும். குடியிருப்புகளின் பொறுப்பும் அவரிடம்தான். கலகலப்பான மனிதர். எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

"அக்கா, பொண்ணுங்க பிளாக்ல கடைசி ரூம் கதவு மழைக்கு ஊதிப்போச்சு. தள்ளித் திறந்ததுல நிலை பிளந்திருக்கு. நாளைக்குக் கர்னல் வர்றாரு. உங்க கைவரிசையைக் காட்டிடுங்க."

உளியக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அது வயர்லெஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் அறை. ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதால் குருவி என்று பெயர் வாங்கியவள். அன்று கட்டில் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

தாழ்ப்பாள் போய் நுழைகிற இரும்பு வளையம் ஸ்க்ரூவோடு பிய்ந்து, நிலையின் உள்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மரம் ஒரு முழத்துக்குப் பிளந்திருந்தது. பிளவை முழுவதும் வெட்டி எடுக்க நேரமில்லை. மேலே மட்டும் செதுக்கி, அளவாக ஒரு துண்டை வைத்து ஒட்டி, வளையத்தைப் பழைய இடத்திலேயே முடுக்கினார். பெயின்டும் அடித்து முடித்தபோது குருவி முதல் தடவையாகப் பேசினாள்.

"அக்கா, இன்னொரு தாழ்ப்பாள் போட முடியுமா?"

"ஒரு கதவுக்கு ஒண்ணுதான், அதான் ரூல். ரெண்டு போடுறதுக்கு உள்ள என்ன தங்கமா வச்சிருக்க?"

குருவி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததை உளியக்கா கவனிக்கத்தான் செய்தார். ஆனால் இன்னும் இரண்டு ஜன்னல் பாக்கி இருந்தது. பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்துச் சாப்பாட்டுக்கூடத்தில் விஷயம் வெடித்தது. அந்த அறைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, ஸ்டோர் சார்ஜென்ட் தன்னைப் பலாத்காரம் செய்தான் என்று குருவி புகார் கொடுத்திருந்தாள். அவளே கதவைத் திறந்து கூப்பிட்டாள் என்று அவன் சொல்லியிருந்தான். விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு மேஜர் வந்திருந்தார். கதவையும் பார்த்துவிட்டாராம்.

"கதவுல ஒரு கீறல்கூட இல்லையாம்" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த லாரி டிரைவர். "மழைக்கு ஊதின கதவைச் சும்மா ஓரம் இழைச்சதாம், அவ்வளவுதான். நல்ல மனுஷன் மேல அந்தப் பிள்ளை கதை கட்டுது."

உளியக்கா தட்டைத் தள்ளி வைத்தார். ஊதிப்போன கதவைத் தள்ளினால் ஓரம் தேயும். வளையம் எதற்குப் பிய்ந்து வரப்போகிறது? அது பிய்ந்து வர வேண்டுமானால் உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாள் போட்டிருக்க வேண்டும், வெளியிலிருந்து யாரோ இடித்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் மரத்தோடு குப்பை கொட்டியவருக்கு இதுகூடவா தெரியாது? தெரியும். பிளவைப் பார்த்ததும் எப்படி மூடுவது என்றுதான் புத்தி போனது. எப்படிப் பிளந்தது என்று போகவில்லை. ஒரு பெண்ணிடம் இருந்த ஒரே சாட்சியை இழைத்து, புட்டி வைத்து, பெயின்டும் அடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். உள்ள என்ன தங்கமா என்று ஒரு நக்கல் வேறு. தன் வாயில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் ஸ்டோர் சார்ஜென்ட் டீயோடு பட்டறைக்கு வந்தான்.

"அக்கா, உங்களையும் விசாரிப்பாங்க. ஓரம் இழைச்சேன்னு சொன்னா போதும். வேற எதுவும் சொல்ல வேண்டியதில்ல. இந்த வருஷ புரமோஷனுக்கு உங்களைப் பத்தி நான்தான் எழுதணும், தெரியும்ல?"

உளியக்கா தலை நிமிராமல் இழைத்துக்கொண்டிருந்தார். அவன் போனபிறகு டீயைச் சாக்கடையில் கொட்டினார்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சாயங்காலம் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது உளியக்கா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"உண்மையைச் சொன்னா புரமோஷன் போயிடும்."

"உன் வாய்க்கு அது வரும்னு நான் என்னைக்கு நம்புனேன்?" என்றார் அவர். பிறகு கத்தியைக் கீழே வைத்தார். "வாயால சொன்னா நம்புவாங்களா? அவன் இல்லைன்னு சாதிப்பான். நீ சொல்றது ஒரு பக்கம், அவன் சொல்றது ஒரு பக்கம்னு ஆயிடும்."

"சொல்லப் போறதில்ல. காட்டப் போறேன்."

மருத்துவமனையை ஒட்டிய சின்ன அறையில், இப்படிப்பட்ட புகார் கொடுத்தவர்களுக்குத் துணை நிற்பதற்கென்றே ஒரு பெண் கேப்டன் இருந்தார். உளியக்கா அவரிடம் போய் நடந்ததைச் சொல்லி, மேஜர் முன்னால் அந்த ஒட்டைப் பெயர்த்துக் காட்டுவதாகச் சொன்னார். கேப்டன் கேட்டுக்கொண்டார். ஆனால் உடனே தலையாட்டவில்லை.

"முதல்ல அவகிட்ட கேக்கணும், கார்ப்பரல். அது அவ ரூம். இதுவரைக்கும் எல்லாரும் அவளைக் கேக்காமத்தான் எல்லாத்தையும் பண்ணியிருக்காங்க."

உளியக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த எல்லாரிலும் தானும் உண்டு என்று அவருக்குத் தெரியும்.

குருவி சம்மதித்தாள். தானும் அங்கே இருப்பேன் என்றாள். மேஜரும் ஒத்துக்கொண்டார். நடைவழியில் கேப்டன் பக்கத்தில் குருவி நிற்க, புகைப்படக்காரர் ஒருவர் சுவரோரம் காத்திருக்க, உளியக்கா நிலைக்கு முன்னால் மண்டியிட்டார்.

"அரசாங்கச் சொத்து, பார்த்துச் செய்யுங்க" என்றார் மேஜர்.

"நான் ஒட்டினது சார். எடுக்கவும் எனக்குத் தெரியும்."

முதலில் வளையத்தைக் கழற்றினார். தான் ஒட்டிய இடத்தைத் தானே தேட வேண்டியிருந்தது. இவ்வளவு நன்றாகவா செய்து தொலைத்தோம் என்று தன்மேல் எரிச்சல் வந்தது. உளி முனை ஒரு ஓரத்தில் இறங்கியதும் துண்டு முனகிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே பிளவு அப்படியே இருந்தது. ஸ்க்ரூ இருந்த நான்கு துளைகளும் அறையின் உள்பக்கமாகக் கிழிந்திருந்தன. மேஜர் குனிந்து பார்த்தார். கதவை ஒரு முறை மூடித் திறந்து பார்த்தார்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தாத்தான் இப்படிப் பிய்யும்" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி.

"போட்டிருந்தேன் சார்" என்றாள் குருவி. "எல்லார்கிட்டயும் சொன்னேன். நான் போட்டிருந்தேன்." அதற்குமேல் அவளால் முடியவில்லை. கேப்டன் தோளைப் பிடித்துக்கொள்ள, அங்கேயே நின்று அழுதாள். உளியக்கா பெயர்த்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

வழக்கு ராணுவ நீதிமன்றத்துக்குப் போய் இழுத்தடித்தது. அவன் சொன்ன பொய்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் சீருடையும் போய் சிறைக்கும் போனான். உளியக்காவுக்கு அந்த வருஷம் புரமோஷன் வரவில்லை. அவனுடைய கூட்டாளிகள் சிலர் சாப்பாட்டுக்கூடத்தில் அவர் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினார்கள். "காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். அவளுடைய நல்லதுக்கு என்று குருவியை வேறு முகாமுக்கு மாற்றப் பார்த்தார்கள். தப்புச் செய்தது அவளா என்று கேப்டன் மேலிடம் வரை சண்டை போட்டு அதைத் தடுத்தார். குடியிருப்பில் எது உடைந்தாலும், அங்கே தங்கியிருப்பவரைத் தனியாகக் கேட்டபிறகே பட்டறை கை வைக்க வேண்டும் என்று புது உத்தரவும் வந்தது.

அந்த உத்தரவு வந்த வாரம், உளியக்கா யாரும் சொல்லாமலே பெட்டியோடு குருவியின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார். கையில் ஒரு புதுத் தாழ்ப்பாள் இருந்தது.

"அன்னைக்கு உன்கிட்ட கேட்டிருக்கணும். கேக்கல. தப்புதான்."

குருவி கதவை அகலத் திறந்தாள். "கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியலக்கா." பிறகு கதவைத் தொட்டுக் காட்டினாள். "இங்க போடுங்க. கைக்கு எட்டுற உயரத்துல."

அடுத்த ஆய்வு நாளில் கர்னல் வரிசையாக அறைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி அறையில் குருவி விறைப்பாக நின்றாள். வாசலில் பெட்டியும் கையுமாக உளியக்கா. கர்னலின் கண் கதவில் நின்றது.

"ஒரு கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்தானே? இதுல எதுக்கு ரெண்டு?"

"நான்தான் போட்டேன் சார்" என்றார் உளியக்கா. "உள்ள தங்கம் இருக்கு."

கர்னல் அவரைப் பார்த்தார், குருவியைப் பார்த்தார். இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுத் திறந்து பார்த்துத் தலையசைத்துவிட்டு, நடைவழியில் நடந்தார்.