புறூனோவின் செத்தவீடு

செய்தி காலை ஐந்தேகாலுக்கு வந்தது. ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காக அன்று நான் வவுனியாவில் நின்றேன். தொலைபேசியில் எங்கள் ஒழுங்கை வீரம்மா. "டீச்சர், நம்ம வடிவம்மா எந்திரிக்கல" என்றாள். நான் எதுவும் கேட்க முன்பே, "தேத்தண்ணி வச்சிட்டுக் கூப்பிட்டேன். மூணு தடவை கூப்பிட்டேன்" என்றாள்.

வடிவம்மா மாமி கிளிநொச்சியில் எங்கள் பக்கத்து வீடு. செத்தவீட்டில் அவரைப் பற்றிப் பேசிய எல்லோரும், அமைதியானவர், அடக்கமானவர் என்றே பேசினார்கள். மாமியிடம் இல்லவே இல்லாத குணங்கள் இரண்டையும் பொறுக்கியெடுத்து அவருக்குச் சூட்டிவிட்டுப் போனார்கள். அது மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாமியின் பெற்றோர் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துத் தென்மராட்சியிலிருந்து வந்தவர்கள். வயல் செய்தார்கள். மாமி கலியாணம் கட்டினார், கணவரை இழந்தார், ஒரே மகன் சுஜிதனைச் சுவிசுக்கு அனுப்பினார். போர் முடிந்து திரும்பி வந்தபோது நாலு சுவர் மட்டும் நின்ற வீட்டுக்குக் கூரை போட்டார். அந்த வீட்டை விட்டுப் போவதைத் தவிர அவருக்கு வேறு பயம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் சுஜிதன் ஞாயிறுதோறும் அதையே சொல்வான். "அம்மா, தனிய இருக்கேலாது. ஒண்டில் இஞ்ச வாங்கோ. இல்லாட்டி யாழ்ப்பாணத்தில நல்ல முதியோர் இல்லம் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன்."

"நான் தனிய இல்லையெண்டால் உன்ர வாய் மூடும்தானே?"

"ஆர் இருக்கினம் உங்களோட?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தவள்தான் ஹானா. பிராக் நகரத்துப் பிள்ளை. கால் இழந்தவர்களுக்கு நடை பழக்கும் நிலையம் ஒன்றில் இரண்டு வருடம் தொண்டு செய்ய வந்தாள். அவளுக்கு ஒரு அறை தேவை என்று கேள்விப்பட்ட அன்றே மாமி தன் அலுமாரியை ஒதுக்கிவிட்டார். ஹானா இருக்கும்வரை மாமி இருக்கலாம். ஹானா போனால் மாமியும் போக வேண்டும். ஒழுங்கையில் எல்லோருக்கும் இது தெரியும், ஹானாவைத் தவிர.

ஹானாவுக்கு ஊர் ஒட்டவில்லை. வெயிலை அவள் பொறுத்துக்கொண்டாள். அன்பைத்தான் பொறுக்க முடியவில்லை. அறைக் கதவைச் சாத்தினால், காய்ச்சலாக்கும் என்று மாமி மல்லித்தண்ணியோடு வந்து தட்டுவார். பின்னேரம் தனியே நடக்கப் புறப்பட்டால் துணைக்கு மூன்று பெண்கள் பின்னால் வருவார்கள். கிணற்றடியில் அவள் குளிக்கும்போது, எப்படி அள்ளி ஊற்ற வேண்டும் என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆலோசனை வரும். ஒருநாள் என்னிடம், கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும் என்று மாமியிடம் சொல்லும்படி கேட்டாள். சொன்னேன்.

"தனிய இருக்கவோ பிராக்கில இருந்து இவ்வளவு தூரம் வந்தவா?" என்றார் மாமி. அன்று இரவு முதல் தன் பாயை ஹானாவின் அறை வாசலில் போட்டுக்கொண்டார்.

பின்னேரங்களில் ஹானா தாயோடு வீடியோவில் பேசுவாள். அந்தப் பேச்சில் மாமிக்கு விளங்கிய ஒரே சொல் 'புறூனோ'. அதனால் அதையே பிடித்துக்கொண்டார்.

"புறூனோ சாப்பிட்டாச்சோ?"

"சாப்பிட்டாச்சு. இறைச்சி."

"இப்ப என்ன செய்யிறான்?"

"நித்திரை."

"வேலைக்குப் போறேல்லையே?"

ஹானா விழுந்து விழுந்து சிரித்தாள். "வேலை இல்லை!"

மாமி வேலியடிக்கு வந்து என்னிடம் சொல்லிக் கவலைப்பட்டார். "பாவம் பிள்ளை அந்தத் தாய். தம்பிக்காரன் இறைச்சியைத் திண்டுபோட்டுப் படுத்துக்கிடக்கிறான். எங்கட சுஜிதனும் ஓ.எல். சோதினை எழுதிப்போட்டு இப்பிடித்தான் கிடந்தவன்." எங்கள் பக்கத்தில் ஒருவனைப் பற்றி முதலில் கேட்பது சாப்பிட்டானா என்றுதான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் அவன் எங்கள் வீட்டு ஆள். பிறகு, அவன் யார் என்று கேட்பது மரியாதையில்லை. ஆகவே யாரும் கேட்கவில்லை.

ஒரு காலையில் ஹானா கைபேசியும் கையுமாகக் குசினிக்குள் வந்து அழுதாள். "புறூனோ செத்துப்போச்சு. நான் வீட்டை போறன்" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாமியின் முற்றத்தில் பந்தல் நின்றது. படலையில் தென்னோலைத் தோரணம். வாடகைக் கதிரைகள். ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மூன்று வீடுகளிலிருந்து சோற்றுப்பானை வந்திருந்தது.

"மாமி, ஆருக்கு என்ன?"

"எங்கட புறூனோ செத்துப் போட்டான் பிள்ளை. என்ன வருத்தமோ தெரியேல்ல."

"அதுக்கு இஞ்ச ஏன் பந்தல்?"

"அவா வீட்டை போறன் எண்டு நிக்கிறா. போனால் திரும்பி வருவாவோ? செத்தவீட்டை இஞ்சயே செய்துவிட்டால் பிறகு அங்க என்னத்துக்கு?" என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உடம்பு இல்லாமல் எத்தினை செத்தவீடு செய்திருக்கிறம். இது ஒண்டு எங்களுக்குப் புதிசே?"

நடுவில் வீரம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். மலையகத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்த குடும்பம். அவளைப்போல் ஒப்பாரி சொல்ல ஊரில் ஆளில்லை. புறூனோவுக்கு வேலை இல்லை என்ற விசயத்தை மாமி அவளிடம் மறைத்துவிட்டார். செத்தவனை ஏன் குறை சொல்ல வேண்டும்? வீரம்மா அவனை அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகத்தன் ஆக்கிவிட்டாள்.

"கோட்டுப் போட்ட மகராசா, கொழுகொழுத்த எங்கராசா,
கதிரையில நீயிருந்தா கச்சேரியே எழுந்திருக்கும்..."

அவள் கண்ணீர் உண்மையான கண்ணீர். கடைசிப் போரில் அவள் வீட்டில் இரண்டு பேர் போனார்கள். ஒப்பாரி சொல்ல அப்போது நேரம் கிடைக்கவில்லை.

சத்தம் கேட்டு ஹானா கதவைத் திறந்தாள். பந்தலையும் பெண்களையும் பார்த்துத் திகைத்து நின்றாள். "புறூனோ, புறூனோ" என்று நாலைந்து பேர் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவளும் உடைந்து அழுதாள். அந்த நேரம் பார்த்து அச்சகத்துக் கிருபன் வந்து சேர்ந்தான். கண்ணீர் அஞ்சலி தயார், படம் மட்டும்தான் குறை என்றான். எனக்கு வாசித்துக் காட்டினான்: "பிராக்கைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட செல்வன் புறூனோ அவர்கள் காலமானார். அன்னார் ஹானாவின் பாசமிகு சகோதரரும், வடிவம்மாவின் அன்புப் பெறாமகனும் ஆவார்."

நான் படம் கேட்டேன். ஹானா கைபேசியை நீட்டினாள். கிருபன் படத்தைப் பெரிதாக்கினான். பிறகு சிறிதாக்கினான்.

"டீச்சர், இது நாய். ஆளின்ர படம் வேணும்."

"புறூனோ" என்றாள் ஹானா, திரையைத் தடவி. கன்றுக்குட்டியளவு கறுப்பு நாய், நாக்கைத் தொங்கப்போட்டபடி.

ஒப்பாரி பாதியில் நின்றது. கைபேசி கைமாறிக் கைமாறி வீரம்மாவிடம் போனது. "ஐயையோ, கதிரையில ஒக்காந்தான்னு பாடிட்டேனே!"

மாமி அதை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். சோற்றுப்பானைகளைப் பார்த்தார். பிறகு ஹானாவின் முகத்தைப் பார்த்தார்.

"கறுப்புக் கோட்டுத்தானே போட்டிருக்கிறான். நீ பாடினதில என்ன பிழை? பாடு" என்றார்.

வீரம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "வாசல் காத்த மகராசா" என்று எடுத்தாள். கிருபன் 'சகோதரரும்' என்ற சொல்லை எடுத்துவிட்டான். 'பெறாமகனும்' என்பதை மாமி எடுக்க விடவில்லை.

என்னை இழுத்து வைத்து, "தம்பியெண்டு நினைச்சுச் செய்தது எண்டு அவாவுக்குச் சொன்னியோ, பிறகு உன்னோட கதைவழியில்லை" என்றார்.

ஹானா ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள். இத்தனை பேரும் புறூனோவுக்காகவா வந்திருக்கிறார்கள்? ஓம் என்றேன். அதில் பொய்யில்லை. தன் சொந்தச் சித்திகூடக் கைபேசியில் ஒரு சின்ன இதயப் படம்தான் அனுப்பினார் என்றாள்.

அப்போது மாமியின் கைபேசி அடித்தது. சுஜிதன். வீடியோவில் முகமெல்லாம் வியர்வை.

"அம்மா! வீட்டில பந்தல் எண்டு ஆரோ பேஸ்புக்கில போட்டிருக்கினம். என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லையடா. நாய் செத்துப்போச்சு."

"எங்கட வீட்டில நாய் இல்லையே!"

"இஞ்ச இல்லை. பிராக்கில."

அவன் மிக மெதுவாக, "அம்மா, இனி நீங்கள் அங்க தனிய இருக்கேலாது. நான் ரிக்கெற் போடுறன்" என்றான்.

நான் கண்ட நாளிலிருந்து முதல் தடவையாக அவர் வாயடைத்து நின்றார். ஹானா என்னிடம், மகன் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். தம்பியென்று நினைத்த கதையைத்தான் மாமி மறைக்கச் சொன்னார், இதை அல்ல. ஆகவே எல்லாவற்றையும் சொன்னேன். இல்லம், சுவிஸ், தனிமை எல்லாம்.

ஹானா மூக்கைத் துடைத்துக்கொண்டு கைபேசிக்குள் தலையை நீட்டினாள். தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் ஒன்றுசேர்த்தாள். "மாமி தனிய இல்லை. நான் இருக்கிறன். நீங்க சாப்பிட்டாச்சோ?"

பெட்டி திரும்ப அலுமாரிக்கு மேல் ஏறியது. ஒரு மாதம் கழித்து, இங்கே முப்பத்தோராம் நாள் என்று ஒன்று செய்வார்களாமே என்று ஹானா கேட்டாள். நிலையத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உளுந்து ஊறப்போட்டார். ஒழுங்கை முழுக்க வடை தின்றது.

இரண்டு வருடம் முடிந்து, சென்ற மார்கழியில் ஹானா போனாள். சுஜிதன் அடுத்த ஞாயிறே தொடங்கிவிட்டான். மாமியும் விடவில்லை. தொண்டு நிறுவனத்துக்கு என்னைக்கொண்டு மூன்று தடவை பேசவைத்தார். பங்குனியில் இன்னொரு பிள்ளை வருகிறாள் என்று உறுதி வந்தது. அறையைத் தானே கழுவினார். புது நுளம்புவலை கட்டினார். யன்னலுக்குப் பூச நீலப் பெயின்ற் வாங்கிவந்தார்.

மாமி மாசியில் போய்விட்டார். அந்த யன்னலுக்கு இரண்டு கதவுகள். இடது கதவுக்குப் பெயின்ற் பூசியிருக்கிறது. வலது கதவுக்கு இன்னும் பூசவில்லை.