குக்கரில் வெந்த வேல்

ஜெலுத்தோங்கில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறேன். தைப்பூசத்தன்று மட்டும் எங்கள் உறவுக்காரர்களுக்கு அலகு குத்திவிடுவேன். எனக்குக் கை நடுங்காது. பேச்சும் அதிகம் வராது. நாக்கில் வேல் ஏறப்போகிறவருக்கு, குத்துகிறவரிடம் இந்த இரண்டுமே வேண்டும்.

போன வருடம் வேறு யாரோ குத்திய ஒருவருக்குக் கன்னம் வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது. அதனால் இந்த வருடம் கோயில் கமிட்டி விதி போட்டது. வேல்களை முன்கூட்டியே கிளினிக்கில் கொடுத்து, நீராவியில் கிருமி நீக்கி, உறையில் போட்டு ஒட்டி வாங்க வேண்டும். உறைமேல் உள்ள நாடாவில் சூடு பட்டால் கறுப்புக் கோடு விழும். தைப்பூசத்தன்று காலை கிளினிக் வேனில் வரும் தாதி அதைப் பார்த்துச் சரி சொன்னால்தான் குத்தலாம்.

நானும் கிளினிக்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "அண்ணே, உடம்புக்கு என்ன?" என்று சத்தமாகக் கேட்டார். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஒன்னும் இல்லங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீராவிதானே என்று தோன்றியது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே குக்கர், ஆட்டுக்கறி வேகவைப்பது. விரதம் தொடங்கியதும் மனைவி அதைப் பேப்பரில் சுற்றி அலமாரிமேல் ஏற்றியிருந்தாள். அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரத்தில் இறக்கி, எலுமிச்சை போட்டுத் தேய்த்து, வேல்களை உள்ளே வைத்துப் பத்து விசில் விட்டேன். புது உறையில் போட்டுச் சாதாரண டேப்பால் ஒட்டினேன்.

அலகு குத்திக்கொள்ள இருந்தவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். புக்கிட் மெர்தாஜாமில் லாரி ஓட்டுகிறவர். மகளுக்குப் பிரசவம் நல்லபடி முடிந்ததற்கு நேர்த்திக்கடன். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, தைப்பூசத்தன்று காலை குளித்து, மலைக்கோயில் அடிவாரத்தில் ஈர வேட்டியோடு கண்ணை மூடி நின்றார்.

தாதி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடு இல்லையே அண்ணே. எங்க சுத்தம் பண்ணீங்க?"

"வீட்டுல."

"எதுல?"

"குக்கர்ல."

மச்சான் கண்ணைத் திறந்தார். "எந்த குக்கர், மாப்ளே?"

நான் தரையைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

"எலுமிச்சை போட்டுத் தேய்ச்சேன், மச்சான்."

"நாப்பத்தெட்டு நாள், முட்டை இருக்கும்னு கேக்கு கூடத் தொடல. நீ என் நாக்குல ஆட்டுக் குழம்ப குத்தப் பாக்குறியா?"

உறுமி அடித்தவர்கள் நிறுத்தினார்கள். நன்றாகக் கேட்பதற்காகத்தான்.

"ஆடு இருக்கட்டும்" என்றார் தாதி. "வீட்டு குக்கர்ல எவ்வளவு சூடு ஏறுச்சுன்னு யாருக்குத் தெரியும்? இதக் குத்த விடமாட்டேன்."

"அப்ப என் வேண்டுதல்?" என்றார் மச்சான்.

கிளினிக்கில் பார்த்தவர்கள் பத்துப் பேர். இங்கே நூறு பேர் இருப்பார்கள். ஓடிவிட இடமும் இருந்தது. ஆனால் மச்சானின் முகத்தைப் பார்த்ததும் தாதியிடம் திரும்பினேன்; என் வாய் தானாகத் திறந்தது.

"மிஸி, தப்பு என்னோடது. உங்க வேன்ல நீராவிப் பெட்டி இருக்குல்ல, அதுல போட்டுக் குடுங்கலா."

"முக்கால் மணி நேரம் ஆகும்."

மச்சான் கொஞ்சம் யோசித்தார். "மிஸி, ரெண்டு வாட்டி போடுங்க."

"ஒரு வாட்டி போட்டாலே கிருமி எல்லாம் செத்துரும்."

"கிருமிக்கு ஒரு வாட்டி. ஆட்டுக்கு ஒரு வாட்டி."

தாதி சிரிக்கவில்லை. வேல்களைக் கிளினிக் உறைக்கு மாற்றி இரண்டு முறை போட்டார். உறையில் கறுப்புக் கோடு பளிச்சென்று விழுந்திருந்தது. கையுறை மாட்டிக் குத்தினேன். ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை.

வேல் ஏறிய நாக்கோடு திட்ட முடியாது. மலை ஏறி இறங்கும்வரை மச்சான் என்னைக் கண்ணால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நாக்கிலிருந்து வேலை உருவி, விபூதி வைத்தேன். அவர் நாக்கை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

"மூணாம் நாள் இடும்பன் பூசை முடிஞ்சு விரதம் விட்டதும்," என்றார், "அந்த குக்கர் என் வீட்டுக்கு வரணும். நிறைய ஆட்டுக்கறியோட."