மோனஹன்ஸ் மணலில் கேட்ட பாங்கு

சனிக்கிழமை விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு ரிச்சர்ட்சனிலிருந்து கிளம்பினோம். மேற்கு டெக்ஸாஸில் மோனஹன்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மணற்குன்றுகளைப் பார்க்கத்தான் போனோம். ஏறக்குறைய முந்நூற்று அறுபது மைல். வழியில் பார்க்க ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

வேனில் நான்கு பேர். நண்பன் இலியாஸ், அவன் மனைவி ரஹிமா, ஊரிலிருந்து வந்திருக்கும் அவன் வாப்பா பஷீர், நான். ரிச்சர்ட்சனில் ஹலால் இறைச்சிக் கடை வைத்திருக்கிறேன். இலியாஸ் இன்ஜினியர். ரஹிமா ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் நர்ஸ். பஷீர் காக்கா கீழக்கரைக்காரர், மண்ணடியில் ஹார்டுவேர் கடை வைத்து ஓய்ந்தவர். எங்கள் பக்கம் அண்ணனையும் வயதில் மூத்தவரையும் காக்கா என்போம். அவருடைய இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது. இதை மறந்துவிடாதீர்கள், அவர் மறந்துவிட்டார்.

மூன்று பேர் சேர்ந்து பயணம் போனாலே ஒருவரை அமீராக்கிக்கொள்வது எங்கள் வழக்கம். அவர் நில் என்றால் நிற்க வேண்டும், கிளம்பு என்றால் கிளம்ப வேண்டும். இலியாஸ் ரஹிமாவின் பெயரைச் சொன்னான். அந்த இடத்துக்கு ஏற்கெனவே போய்வந்தவள், வேனை ஓட்டுபவளும் அவள்தான். பஷீர் காக்காவின் முகம் சுருங்கிப் போனது.

"பொம்பளை அமீரா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

"ஊர்ல இருக்கறவங்களா freeway-ல ஓட்டப் போறாங்க, காக்கா?" என்றேன். இலியாஸ் சிரித்தான். ரஹிமா சிரிக்கவில்லை, வண்டியை எடுத்தாள்.

அபிலீன் தாண்டியதும் மின்சாரக் காற்றாடிகள் தொடங்கின. வானம் முடிகிற இடம் வரைக்கும் வெள்ளைக் காற்றாடிகள். மிட்லாண்ட் பக்கம் வந்தால் எண்ணெய்க் கிணறுகள், தலையாட்டிக்கொண்டே இருக்கும் இரும்புகள். மரம் என்று சொல்ல ஒன்று கிடையாது. பஷீர் காக்கா மூஸா நபி கதையை ஆரம்பித்தார். மனிதர் கதை சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கடல் பிளந்ததைச் சொன்னபோது நான் ஜன்னலை ஏற்றிவிட்டேன், காற்றுச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் போகக் கூடாது என்று. வனாந்தரத்தில், மூஸா நபி கூட்டிவந்த சனத்துக்கு மேகத்தை நிழலாக அனுப்பினான் இறைவன். மன்னு என்ற இனிப்பும் ஸல்வா என்ற பறவையும் இறக்கினான், உழைக்காமல் சாப்பாடு. பாறையை அடித்தால் தண்ணீர் வந்தது. அப்படியும் அவர்கள் ஒரே சாப்பாடு சலித்துவிட்டது, பருப்பு வேண்டும், வெங்காயம் வேண்டும் என்று மூஸா நபியிடம் முரண்டு பிடித்தார்கள். "என்ன சனம்யா அது, நன்றி கெட்ட சனம்" என்று பஷீர் காக்கா கதையை முடித்தார்.

ஒடெஸாவில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்திச் சாப்பிட்டோம். ரஹிமா சப்பாத்தி, அவித்த முட்டை, பேரீச்சம்பழம் கட்டி வந்திருந்தாள். வெயிலில் கெடாத சாப்பாடு அதுதான் என்றாள். பஷீர் காக்கா டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"ஏம்மா, வெங்காயம் ஒண்ணு கூடவா எடுத்துட்டு வரலை?"

எனக்குச் சப்பாத்தி புரையேறிவிட்டது. இலியாஸ் முதுகில் தட்டினான். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. கடைசி வரைக்கும் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மணற்குன்றுப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் ஆளுக்கு நான்கு டாலர். குடும்பங்கள் பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து மணலில் சறுக்கிக்கொண்டிருந்தன. நண்பகல் லுஹரையும் பிற்பகல் அஸரையும் சேர்த்து, சுருக்கித் தொழுதோம். பயணிக்கு அந்தச் சலுகை உண்டு. பிறகு ரஹிமா மூன்றே விஷயம் சொன்னாள். தண்ணீர் பாட்டில் இல்லாமல் யாரும் நகரக் கூடாது. தனியாகப் போகக் கூடாது. வேன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைத் தாண்டக் கூடாது. இங்கே பாதை கிடையாது, ஒரு குன்று இன்னொரு குன்று போலவே இருக்கும் என்றாள். கடைசியில் மாமனாரைப் பார்த்து, "மாமா, நீங்க நிழல்ல உக்காருங்க, please. வெயில் உங்களுக்கு ஆகாது" என்றாள்.

அதுதான் அவருக்குக் குத்திவிட்டது. எங்கள் மூவருக்கும் சொன்னதை விட்டுவிட்டு, தனக்குச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டார். நாங்கள் வேனிலிருந்து பாயை இறக்கிக்கொண்டிருந்தபோது ஆளைக் காணோம். தண்ணீர் பாட்டில் பெஞ்சில் இருந்தது. போன் வேனுக்குள் சார்ஜில் இருந்தது.

காலடித் தடம் முதல் குன்றின் உச்சி வரை தெரிந்தது. அதற்கப்புறம் காற்று அழித்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. இலியாஸ் வாப்பா வாப்பா என்று கத்திக்கொண்டு ஒரு பக்கம் ஓடினான், நான் இன்னொரு பக்கம். எனக்கு வந்த கோபத்தில் அவர் கிடைத்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று இருந்தேன்.

ரஹிமா எங்கள் இருவரையும் நிறுத்தினாள். பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டாள், ஆள் வருகிறார்கள். இலியாஸை முதல் குன்றின் மேல் நிற்க வைத்தாள், அங்கிருந்து வேன் தெரியும். என்னை அடுத்த குன்றில் நிற்க வைத்தாள், அங்கிருந்து இலியாஸ் தெரிவான். அவள் மூன்றாவது குன்றுக்குப் போனாள். இலியாஸ் மறுபடி கத்தத் தொடங்கினான்.

"கத்தாதீங்க. ரெண்டு பேரும் வாய மூடிட்டுக் கேளுங்க."

என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை. மூடிக்கொண்டேன். இலியாஸும் மூடிக்கொண்டான்.

மணல் நகரும் சத்தம் கேட்டது. சறுக்கும் பிள்ளைகளின் கூச்சல் எங்கோ கேட்டது. அப்புறம், வலது பக்கத்திலிருந்து, மெலிதாக, பாங்கு. அல்லாஹு அக்பர். நடுங்கும் குரல், நடுவில் மூச்சு வாங்கிக்கொள்கிறது. அது எந்தத் தொழுகைக்கும் நேரமே இல்லை. அஸரும் தொழுதாகிவிட்டது. ரஹிமா அந்தக் குரலைப் பார்த்து ஓடினாள்.

முழங்கால் உயர ஓக் மரம் ஒன்று அங்கே வளர்கிறது. அதன் நிழலில் தலையை மட்டும் வைத்துக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. ரஹிமா நாடி பார்த்தாள், துப்பட்டாவை நனைத்துக் கழுத்தில் சுற்றினாள், மூடியில் ஊற்றி ஊற்றித் தண்ணீர் கொடுத்தாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நான் கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையை விட்டுவிட்டு, அவர் மேல் வெயில் படாமல் மறைத்து நின்றேன்.

இலியாஸுக்குத்தான் பொறுக்கவில்லை. "இப்ப எந்த வக்துக்கு வாப்பா பாங்கு? ஒரு குரல் கூப்பிட்டா என்ன?"

"கூப்பிட வாய் வரலைடா" என்றார். "இது வந்துச்சு."

பூங்கா ஆட்கள் வண்டியில் ஏற்றிவந்து சோதித்தார்கள். இதயம் சரியாக இருந்தது, தண்ணீர்தான் வற்றியிருந்தது. மூஸா நபியின் சனத்தைப் பற்றிய குர்ஆன் ஆயத்துகளை ஓதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கடல் பிளந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் எப்படி மீறினார்கள் என்று கேட்பேன். அன்று பார்த்தேன். அமீரை மீறிப் போனதும் அந்த மனிதர்தான், சாகிற பயத்தில் படைத்தவனின் பெயரைத் தவிர வேறு எதுவும் வாயில் வராததும் அதே மனிதருக்குத்தான். அதற்கு மேல் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. சொல்பேச்சுக் கேட்காத கூட்டத்தை வனாந்தரத்தில் கடைசி வரைக்கும் விடாமல் நடத்திய மூஸா நபியை நினைத்தால்தான் மலைப்பாக இருந்தது.

கிளம்பும்போது ரஹிமா சாவியை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

"காதர் காக்கா, திரும்பிப் போறதுக்கு நீங்க அமீரா இருங்க. நான் மாமாவையே தொலைச்சுட்டேன்."

பஷீர் காக்கா பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தார். கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"அதெல்லாம் மாத்த முடியாது. வண்டிய எடும்மா."

ரஹிமா சாவியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவள் சொல்லியும் அமீரை மாற்ற விடவில்லையே, அந்தப் பயணத்தில் பஷீர் காக்கா அவள் சொல்லைக் கேட்காமல் போனது அதுதான் கடைசி.