விதைநெல் மாத்திரையும் இருளாயியும்

வாடிப்பட்டிப் பக்கம் நல்லகாமன் என்றால் முரட்டு ஆள். பொண்டாட்டி இருளாயியிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டான்.

எண்பத்திமூணில் விதைநெல்லில் வண்டு விழுந்தது. உரக்கடையில் வண்டு சாகிற மாத்திரை வாங்கினான். ஈரம் படக்கூடாது, அது வைத்த வீட்டில் ஆள் படுக்கக்கூடாது என்று கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். இவன் பாதியைத்தான் காதில் வாங்கினான். மாத்திரையைத் துணியில் முடிந்து, நெல் கிடந்த மண் குலுக்கைக்குள் போட்டான். குலுக்கை மூடியைச் சாணி பூசி அடைப்பது அந்த வீட்டு வழக்கம். அன்றைக்கும் பச்சைச் சாணியைக் கரைத்து வழியவழியப் பூசினான். ஈரம் உள்ளே இறங்கி மாத்திரை விஷக்காற்றாகக் கிளம்பும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஒற்றை அறை வீடு. வெளியே அடைமழை. அவன் மாட்டுக் கொட்டத்தில் படுத்துக்கொண்டான். இருளாயி கதவைச் சாத்திக் குலுக்கையை ஒட்டிப் படுத்தாள். ராத்திரி அந்த விஷக்காற்றின் வெள்ளைப்பூண்டு வாடை அடித்திருக்கிறது. குழம்புச்சட்டி என்று நினைத்துவிட்டாள்.

விடிந்ததும் வாந்தி, நெஞ்சடைப்பு. கைகால் சில்லிட்டுப் போனது. வாடகைக் காரில் மதுரைக்குக் கொண்டுபோனான். நாடி பிடிபடவில்லை. ரத்த அழுத்தம் இறங்கி, இதயம் தாறுமாறாக அடித்தது. குலுக்கையில் மாத்திரை போட்டதைச் சொன்னதும், வீட்டில் சண்டையா, அதைத் தின்றுவிட்டாளா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார்.

"சண்டையெல்லாம் இல்லீங்க. நாந்தேன் சாணி பூசுனேன்" என்று தலைகுனிந்தான் நல்லகாமன்.

இதற்கு முறிமருந்து கிடையாது, தாங்கினால் உண்டு என்றார் அவர். மூன்றாம் நாள் இதயம் ஒரு நிதானத்துக்கு வந்தது. ஆனால் மூத்திரம் கடுங்காப்பியாகப் போனது, கண் மஞ்சளித்தது. ரத்தத்தில் சிவப்பணு உடைகிறது, உடைந்தது சிறுநீரகத்தை அடைக்கிறது, மூத்திரம் வெளுத்தால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டர். ரத்தம் ஏற்றினார்கள். நல்லகாமனும் ஒரு பாட்டில் கொடுத்தான்.

அதன்பிறகு அவனுக்கு ஒரே வேலைதான். அவள் போகிற மூத்திரத்தைப் பாட்டிலில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான்.

"அண்ணே, காப்பி ஆறிருச்சா?" என்பாள் பக்கத்துக் கட்டில் முருகம்மாள்.

இருளாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். "தூரக் கொண்டுபோய்யா. மானம் போகுது."

"நீ ஒண்ணுக்குப் போனாப் போதும். வெக்கத்த நான் பாத்துக்கிறேன்."

ஆறாம் நாள் வெல்லத்தண்ணி நிறம். ஒன்பதாம் நாள் காலையில் இளமஞ்சள். பாட்டிலைக் கையில் பிடித்தபடி டாக்டர் போன கட்டிலுக்கெல்லாம் பின்னாலேயே போனான். அவர் வாங்கிப் பார்த்து, சிறுநீரகம் திறந்துகொண்டது, கல்லீரல் வீக்கம் மட்டும் வடிய நாளாகும், இனிப் பயமில்லை என்றார்.

கட்டிலுக்கு வந்தவன், "வெளுத்துருச்சு" என்றான். கழுவி வாரேன் என்று பாட்டிலோடு வெளியே போய்விட்டான்.

வெகுநேரமாகியும் ஆளைக் காணோம். எங்கே என்று பார்க்கச் சொன்னாள் இருளாயி. முருகம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"குழாயடியிலதான் நிக்கிது. பாட்டிலக் கழுவுது, மூஞ்சியக் கழுவுது, மறுபடியும் பாட்டிலக் கழுவுது."